லாபம் எந்தப் பெட்டியில் இருக்கிறது?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் அண்ணன்மார் கேட்டபோது, தோழிகள் எல்லோரும் கவிதை எழுதச் சொன்னார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சோலிதான். சாயங்காலம் காலேஜ் விட்டதும் ஒரு எண்ணெய் மில்லில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கம்ப்யூட்டரில் கணக்குத் தட்டுவது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பதினொரு பெண்களின் பிழைப்பு இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு தப்பிய கதை இது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி என் அம்மை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாட்டா தென்னை ஏறினவர். அப்பா லோடு இறக்குகிறவர். அம்மை அதே மில்லின் களத்தில் தேங்காய் உடைத்துக் காயப் போடுகிறாள். நான் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து, லீவில் டேலியும் படித்தேன் என்று அவள் சொல்லித்தான் முதலாளி எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார். அம்மை வெயிலில், மகள் ஃபேனுக்கு அடியில். அந்தக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலாளி கேட்ட கேள்வி

வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து மொத்த லாபம் இவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போவார். அது முதலாளிக்குப் போதவில்லை. "மக்கா, மொத்தத்துல லாபம்னு தெரியுது. ஆனா எதுல லாபம், எதுல கைய கடிக்குதுன்னு தெரியல்ல. களம் தனியா, செக்கு தனியா, கடை தனியா பிரிச்சுக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். உலகத்தில் தொழில் செய்கிற ஒவ்வொருவனும் கேட்கிற கேள்வி. 1772-ல் இங்கிலாந்தில் பணமுடை வந்தபோது, மட்பாண்டத் தொழிலில் புகழ்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட் தன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உண்மையில் என்ன செலவாகிறது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தாராம். இன்று அதையே கம்ப்யூட்டரில் செய்கிறோம். லாபப் பகுப்பாய்வு என்று அதற்குப் பெரிய பெயர். விஷயம் சின்னதுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்வதுதான் அது.

டேலி நம் நாட்டுச் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. 1986-ல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய கம்பெனி அது. அப்பாவின் தொழில் கணக்கைப் பார்க்க மகன் எழுதிய மென்பொருள் நாடு முழுக்கப் பரவியது. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு ஓரளவு பெரிய கடைக்குப் போனால், கல்லாவுக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தத் திரைதான் தெரியும்.

அதில் பிரிப்பது எப்படி? எஃப் 11-ஐ அழுத்தி, காஸ்ட் சென்டர் வேண்டும் என்று சொல்ல வேண்டும. பிறகு களம், செக்கு, கடை என்று மூன்று காஸ்ட் சென்டர்களை உண்டாக்க வேண்டும். கூலி, கரண்ட், டீசல், விற்பனை என்று எந்தெந்தப் பேரேட்டுக் கணக்கைப் பிரிக்க வேண்டுமோ, அங்கேயும் காஸ்ட் சென்டர் உண்டு என்று குறிக்க வேண்டும். அதற்குப் பின் ஒவ்வொரு வவுச்சர் போடும்போதும், "இந்தப் பணம் யார் கணக்கில்?" என்று ஒரு சின்னப் பெட்டி திறந்து கேட்கும். நாம் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை.

அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்தான நேரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் செய்த தப்பு

2025 ஏப்ரலில் ஆரம்பித்தேன். மூன்று நான்கு மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்தேன். கடை நல்ல லாபம். செக்கு சுமார். களம் நஷ்டம்! அழகாக நெடுகக் கோடு போட்டு, நஷ்டத்துக்கு முன்னால் கழித்தல் குறியும் போட்டு அச்சாகி வந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப களத்த மூடிரலாம் கேட்டியா. கொப்பரைய காங்கேயத்துலேருந்து லாரில எறக்கிரலாம்."

காங்கேயம் கொப்பரைக்குப் பேர்போன ஊர். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் சொன்னதை அவர் நம்பினார்.

அன்று ராத்திரி அம்மை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி, அந்தப் பெட்டியில நீ என்னத்தத் தட்டுன? களத்த மூடப் போறாவளாம்லா?" எனக்குச் சோறு இறங்கவில்லை. "உள்ளத உள்ளபடிதாம்மா தட்டுனேன்" என்றேன். "களத்துல நஷ்டம்னா, அந்தக் கதம்பலும் செரட்டையும் வித்த பைசா எங்க போச்சுது?" என்றாள்.

அம்மைக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவள்தான் கேட்டாள்.

மறுநாள் போய் ஒவ்வொரு வவுச்சராகப் பார்த்தேன். மூன்று இடத்தில் தப்பு. மூன்றும் நான் செய்தது. கம்ப்யூட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை.

முதல் தப்பு: தேங்காயை உரிக்கும்போது கதம்பல் கிடைக்கிறது, உடைக்கும்போது சிரட்டை கிடைக்கிறது. கதம்பல் கயிறுக்குப் போகும், சிரட்டை கரி சுடப் போகும். வாங்குகிறவர்கள் பணத்தைக் கடைக் கல்லாவில்தான் கொடுப்பார்கள். பணம் வந்த இடம் கடை, அதனால் கடை வரவு என்று போட்டுவிட்டேன். பாடுபட்டது களம், பேர் வாங்கியது கடை!

இரண்டாவது தப்பு: களத்திலிருந்து செக்குக்குக் கொப்பரை போகும்போது பில் கிடையாது. ஒரே மில்தானே. ஆனால் களத்துக்கு வரவு காட்ட வேண்டுமே! அதனால் ஏப்ரல் மாதக் கொப்பரை விலையை வைத்து ஒரு உள்கணக்கு எழுதினேன். பிறகு அதை மாற்றவே இல்லை. 2025-ல் தேங்காய் விலை எப்படி ஏறியது என்று நம் வீட்டு அம்மைமாரைக் கேளுங்கள், சொல்வார்கள். களம் தேங்காயை வாங்கியது புது விலைக்கு. கொப்பரையை நான் செக்குக்குக் கொடுத்தது பழைய விலைக்கு. களம் நஷ்டப்படாமல் என்ன செய்யும்?

மூன்றாவது தப்பு: நிலத்துக்குக் கொடுக்கும் பாட்டப் பணம். சதுர அடிக் கணக்கில் பிரித்தேன். காயப் போடும் இடம் பெரிதாகத்தானே இருக்கும்? முக்கால்வாசிப் பாட்டம் களத்தின் தலையில் விழுந்தது. ஆனால் மொத்த நிலமும் ஒரே பாட்டம். களத்தை மூடினாலும் அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எண்ணில் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். இவை மில்லின் நிஜ எண்கள் அல்ல, நானே உருட்டிய எண்கள்.

ஒரு மாதத்தில் களத்துக்குத் தேங்காய் வாங்கியது 4,00,000 ரூபாய். கூலி 60,000. பாட்டம் 10,000. தார்ப்பாய், சாக்கு முதலான சில்லறை 5,000. மொத்தச் செலவு 4,75,000. செக்குக்குக் கொடுத்த கொப்பரைக்கு நான் போட்ட பழைய விலைப்படி வரவு 4,10,000. ஆக நஷ்டம் 65,000. இதுதான் முதலாளி பார்த்த ரிப்போர்ட்.

இப்போது திருத்துவோம். அதே கொப்பரையை அந்த மாதம் வெளியில் வாங்கி, லாரி வாடகையும் கொடுத்தால் 4,50,000 ஆகும். அதுதான் களத்துக்குச் சேர வேண்டிய நியாயமான விலை. கதம்பலும் சிரட்டையும் விற்ற 40,000 ரூபாயைக் கடையிலிருந்து எடுத்துக் களத்தில் சேர்த்தால் வரவு 4,90,000. செலவு அதே 4,75,000. இப்போது லாபம் 15,000!

களத்தை மூடினால் என்ன ஆகும்? பாட்டம் தவிர மற்றச் செலவு 4,65,000 மிச்சம். ஆனால் வெளிக் கொப்பரைக்கு 4,50,000 கொடுக்க வேண்டும், 40,000 ரூபாய் கதம்பல், சிரட்டை வரவும் போய்விடும். மாதம் 25,000 ரூபாய் கையை விட்டுப் போகும். நஷ்டத்தை நிறுத்துகிறேன் என்று நஷ்டத்தை விலைக்கு வாங்குகிற கதை.

நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். நான் திருத்தியதால் மில்லின் மொத்த லாபம் ஒரு பைசா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள் விற்பனை, உள் கொள்முதல் என்று இரண்டு பேரேட்டுக் கணக்கு வைத்து ஜர்னல் எழுதினால், மொத்தத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆடிட்டருக்கு இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றுதான். ஆனால் பதினொரு பேருக்கு இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் அவர்கள் நஷ்டம், இன்னொன்றில் அவர்கள் லாபம்.

முதலாளியிடம் போய் "தப்பு என்னுதுதான்" என்று சொன்னேன். கை நடுங்கியது. அவர் திட்டவில்லை. "இத மொதல்லயே அவிய கிட்ட கேட்டிருக்கலாம்லா" என்றார். களம் தப்பியது.

எனக்கு வேண்டிய பதிலா?

"உன் அம்மை வேலை செய்கிற இடம், அதனால் லாபமாக மாற்றி எழுதிவிட்டாய்" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நானும் என்னையே பல தடவை கேட்டுக்கொண்டேன். அதனால்தான் அதே விதியை எல்லா இடத்துக்கும் போட்டுப் பார்த்தேன். கதம்பல் பணம் போனதும் கடையின் லாபம் இளைத்தது. கடை அண்ணாச்சிக்கு என் மேல் வருத்தம்தான். டெம்போவில் எண்ணெய் கொண்டுபோகும் லைன்களை டீசல், டிரைவர் பேட்டா சேர்த்துப் பிரித்ததில், ஒரு லைன் உண்மையிலேயே கையைக் கடித்தது. அதை மறைக்கவில்லை. தினமும் போன அந்த லைன் இப்போது வாரத்துக்கு மூன்று நாள். டிரைவர் அண்ணனுக்குப் பேட்டா குறைந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடம்தான். ஆனால் அது உண்மையான கணக்கு.

ஆகவே, ஏழை வேலை செய்கிற இடத்தை எல்லாம் லாபம் என்று காட்ட வேண்டும் என்பது என் கருத்து அல்ல. பிரிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும், பிரித்த விதியை வெளியில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து. விதி தெரிந்தால் யாரும் எதிர்த்துக் கேட்கலாம். விதி பெட்டிக்குள் ஒளிந்திருந்தால், "கம்ப்யூட்டர் சொல்லுது" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

பெட்டி பெரிதானாலும் கேள்வி ஒன்றுதான்

நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் சென்னை, ஓசூர், பெங்களூர் என்று பெரிய கம்பெனிகளுக்குப் போவோம். அங்கே பல இடங்களில் ஜெர்மனிக்காரர்களின் எஸ்.ஏ.பி. இருக்கும். ஐ.பி.எம்.மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் 1972-ல் ஆரம்பித்த கம்பெனி அது. அதில் லாபப் பகுப்பாய்வுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. எந்தச் சரக்கு, எந்த வாடிக்கையாளர், எந்த ஊர் என்று எந்தெந்தக் கோணத்தில் லாபத்தைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஆபீஸ் செலவு, விளம்பரச் செலவு போன்ற பொதுச் செலவுகளை எந்த அளவுகோலால் பகிர்வது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2015-ல் வந்த அதன் எஸ்/4 ஹனா பதிப்பில், நிதிக் கணக்கும் இந்த லாபக் கணக்கும் ஒரே பேரேட்டில் சேர்ந்துவிட்டன. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்ற பழைய தலைவலி அதனால் குறைந்தது. ஆனால் அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது யார்? அங்கேயும் மனிதன்தான்.

எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பது நீதிமன்றம் வரைக்கும் போகிற விஷயம். சின்னக் குப்பியில் வரும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா என்று பல வருஷம் வழக்கு நடந்தது. குப்பி சின்னது என்பதற்காக மட்டும் அதைத் தலை எண்ணெய் என்று சொல்ல முடியாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்று சமையல் எண்ணெய்க்கு வரி 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 18 சதவீதம். எண்ணெய் ஒன்றுதான், பெட்டிதான் வேறு.

இனி நம் எல்லோருக்கும் தெரிந்த பஸ்ஸுக்கு வருவோம். நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று ஓடி, 1997-க்குப் பின் தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் ஆன நம் பஸ்கள். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையோரம் போகிற ஒரு பஸ்ஸைத் தனி லாப மையமாக எடுத்துக் கணக்குப் பார்த்தால் என்ன வரும்? டீசல், டயர், டிரைவர் கண்டக்டர் சம்பளம், போதாததற்கு டெப்போ செலவில் ஒரு பங்கு. வரவு? பாதிப் பேர் பாஸ் காட்டுகிற மாணவர்கள். 2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அதற்கு ஈடாக அரசு கழகத்துக்கு மானியம் கொடுத்தது. கண்டக்டர் பெண்களுக்கும் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுத்தாரே, ஏன்? எத்தனை பேர் எங்கே ஏறினார்கள் என்ற கணக்குக்காக. அந்தக் கணக்கை வைத்து மானியத்தை ரூட் வாரியாகப் பிரித்துச் சேர்த்தால்தான் அந்த பஸ்ஸின் உண்மை நிலை தெரியும். சேர்க்காவிட்டால், கதம்பல் பணத்தைக் கடையில் போட்ட கதைதான். அதோடு, மலையிலிருந்து அந்த பஸ்ஸில் குலசேகரம் வந்து இறங்குகிறவர்தானே அடுத்த பஸ் பிடித்து மார்த்தாண்டத்துக்கோ வடசேரிக்கோ போகிறார்? அந்த இரண்டாவது பஸ்ஸின் வரவில் முதல் பஸ்ஸுக்குப் பங்கு இல்லையா?

இவ்வளவு சேர்த்தும் நஷ்டம் என்றே வரலாம். வரட்டும். அப்போதும் பஸ்ஸை நிறுத்துவதா என்பது கணக்குக் கேள்வி அல்ல. ஒரு பிள்ளை படிக்க வருவதற்கு நாம் எவ்வளவு செலவு செய்யத் தயார் என்ற கேள்வி. அதைச் சர்க்காரும் ஜனங்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். ரிப்போர்ட் சொல்லக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

மூன்று யோசனைகளை யூனியன் முன் வைக்கிறேன்.

ஒன்று. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் என்று எந்தப் பிரிவானாலும், ஒரு பொருளின் அடக்க விலையைக் கண்டுபிடிக்க நாம் கற்க வேண்டும். நாளைக்கு ஒர்க்ஷாப் வைக்கிற அண்ணன், லேத்தின் தேய்மானத்தையும் தன் கூலியையும் சேர்க்காமல் விலை சொன்னால், நாள் முழுக்க வேலை பார்த்தும் கடன்தான் மிஞ்சும். சனிக்கிழமை மதியங்களில் இதற்கு ஒரு வகுப்பு வைக்கலாம். டேலி தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுப்போம். நானும் வருகிறேன்.

இரண்டு. நம் யூனியன் கணக்கையே இப்படிப் பிரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். விளையாட்டு விழா, கலை விழா, டூர், இந்த ஆண்டு மலர் என்று ஒவ்வொன்றுக்கும் வரவு என்ன, செலவு என்ன? விளம்பரத்தால் மலருக்குக் கையைக் கடிக்காது. கபடிப் போட்டியில் வரவே கிடையாது. அதற்காகக் கபடியை நிறுத்தச் சொல்வோமா? மாட்டோம். ஆனால் கபடிக்கு எவ்வளவு செலவு செய்கிறோம் என்று தெரிந்துகொண்டே செய்வோம். அதுதான் வேண்டியது.

மூன்று. இது உங்கள் ஒவ்வொருவருக்கும். நாளைக்கு ஒரு ஆபீஸில் உட்கார்ந்து, "இந்தப் பணம் யார் கணக்கில்?" என்று அந்தச் சின்னப் பெட்டி கேட்கும்போது, அவசரத்தில் என்டரைத் தட்டிவிடாதீர்கள். எழுந்து வெளியே போங்கள். வெயிலில் நின்று அந்த வேலையைச் செய்கிறவரிடம் கேளுங்கள். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்கலாம். கதம்பல் பணம் எங்கே போச்சுது என்று அவருக்குத் தெரியும்.

நம்மைப் படிக்க அனுப்பியவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கணக்குப் புத்தகத்தில் கூலி என்ற ஒரு வரியாக இருக்கிறவர்கள். அந்த வரியை எழுதும் இடத்துக்கு நாம் வந்திருக்கிறோம். பார்த்து எழுதுவோம்.



— மூன்றாம் ஆண்டு மாணவி, கம்ப்யூட்டர் பிரிவு